தமிழ்க் கோப்பை இழுத்துப் போட்டால் கிராஷ்: விண்டோஸ் மென்பொருளுக்கு எந்தத் திருத்தம் சரி?

விண்டோஸில் ஓடும் ஒரு பழைய சி பிளஸ் பிளஸ் மென்பொருள். 'கணக்கு' என்று தமிழில் பெயர் வைத்த கோப்பை அதன் ஐகான் மேல் இழுத்துப் போட்டால், ஜன்னல் எட்டிப் பார்த்துவிட்டு உடனே மறைந்துவிடுகிறது. அதே கோப்புக்கு ஆங்கிலத்தில் பெயர் மாற்றினால் ஒழுங்காகத் திறக்கிறது. கோப்பின் உள்ளடக்கத்தில் ஒன்றும் இல்லை, கோளாறு கமாண்ட் லைனில், அதாவது மென்பொருளைத் தொடங்கும்போது விண்டோஸ் அதன் கையில் கொடுக்கும் வரியில் இருக்கிறது. இதைச் சரிசெய்ய நாலு வழிகள் புழக்கத்தில் உண்டு. நாலும் சமம் இல்லை.

முதலில் நடப்பது என்னவென்று பார்த்துவிடலாம். 1993-இல் வந்த விண்டோஸ் என்டி காலத்திலிருந்தே உள்ளுக்குள் எல்லாம் 16 பிட் யூனிகோட்தான். கோப்பின் பாதை கமாண்ட் லைனாக வரும்போதும் முழுத் தமிழில்தான் வருகிறது. ஆனால் புரோகிராம் சாதாரண 'மெயின்' ஃபங்ஷனோடு எழுதப்பட்டிருந்தால், சி ரன்டைம் (புரோகிராமோடு ஓடும் சி மொழித் துணை நூலகம்) அந்த வரியைக் கணினியின் ஏஎன்எஸ்ஐ கோட் பேஜுக்கு, அதாவது யூனிகோட் அல்லாத பழைய எழுத்துப் பட்டியலுக்கு மாற்றித்தான் கையில் கொடுக்கும். நம் ஊர்க் கணினிகளில் அது பெரும்பாலும் 1252, அதாவது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது. ஜப்பானியருக்கு 932 இருக்கிறது, ரஷ்யருக்கு 1251 இருக்கிறது. தமிழுக்கும் இந்திக்கும் அப்படி ஒன்று கிடையவே கிடையாது, இரண்டும் விண்டோஸில் யூனிகோட் மட்டும்தான். அதனால்தான் டோக்கியோவில் தன் மொழிக் கோப்பை வைத்துச் சோதித்தவருக்குத் தெரியாத பிழை மதுரையில் தெரிகிறது.

'கணக்கு' நமக்கு 4 எழுத்து. யூனிகோடுக்கு க, ண, க, புள்ளி, க, உகரக் குறி என்று 6. 1252-இல் இடமில்லாத ஒவ்வொன்றும் கேள்விக்குறி ஆகிவிடும், ஆக புரோகிராமுக்குக் கிடைப்பது ஆறு கேள்விக்குறிகள். விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் கேள்விக்குறி வரவே கூடாது என்பதால் கோப்பைத் திறக்கும் 'எஃப்ஓப்பன்' ஃபங்ஷன் நல் பாயிண்டரை, அதாவது எதையும் காட்டாத வெற்று முகவரியைத் திருப்பித் தரும். அதைச் சோதிக்காமல் அடுத்த வரியிலேயே படிக்கப் போனால் கிராஷ்.

பலரும் முதலில் கை வைப்பது அந்த நல் பாயிண்டரில்தான். ஒரு 'இஃப்' போட்டு, கோப்பு கிடைக்கவில்லை என்று செய்தி காட்டிவிடுவார்கள். போட வேண்டியதுதான், மறுப்பே இல்லை. ஆனால் பயனர் பார்க்கப் போவது '??????' என்ற கோப்பு இல்லை என்ற செய்தியை. கோப்பு கண்ணெதிரே இருக்கிறதே என்று அவர் குழம்புவார். செத்துப்போன மென்பொருள் இப்போது மரியாதையாகச் சாகிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது, பயனரையே அமைப்பை மாற்றச் சொல்வது. உலக மொழிகளுக்கு யூடிஎஃப்-8 பயன்படுத்து என்ற டிக் பெட்டி, பீட்டா என்ற அடைமொழியோடு, விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து மண்டல அமைப்புகளுக்குள் இருக்கிறது. யூடிஎஃப்-8 என்பது யூனிகோடை பைட்டுகளாக எழுதும் முறை. டிக் செய்து கணினியை மறுபடி தொடங்கினால் பிரச்சினை மாயமாகிவிடும். அப்புறம் வேறொன்று முளைக்கும். அந்த மாற்றம் கணினி முழுவதற்குமானது. டிஸ்கி, டேப் போன்ற 8 பிட் தமிழ் எழுத்துருக்களை நம்பி ஓடும் பழைய மென்பொருள்கள், மேல் 128 இடங்களில் தமிழை ஒளித்து வைத்து, கோட் பேஜ் 1252 என்று நினைத்துக்கொண்டு வேலை செய்பவை. டிடிபி கடைகளில் இன்னும் அவற்றுக்கு வேலை இருக்கிறது. யூடிஎஃப்-8 என்று மாற்றினால் அந்த பைட்டுகள் செல்லாதவை ஆகி, திரையில் குப்பை வரும். உங்கள் ஒரு மென்பொருளின் கோளாறுக்காக அடுத்தவர் பக்க வடிவமைப்பைக் கெடுப்பது நியாயம் இல்லை. அவசரத்துக்குத் தற்காலிக வழியாகச் சொல்லலாம், திருத்தமாகச் சொல்லக் கூடாது.

உண்மையான போட்டி மிச்சம் இரண்டுக்கும் நடுவில்தான்.

ஒன்று மேனிஃபெஸ்ட். மென்பொருளோடு போகும் எக்ஸ்எம்எல் கோப்பில், இந்தப் புராசஸுக்கு, அதாவது ஓடும் இந்த மென்பொருளுக்கு மட்டும் கோட் பேஜ் யூடிஎஃப்-8 என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். கோடில் ஒரு எழுத்தைக்கூடத் தொட வேண்டாம். 'மெயின்' வாங்கும் ஆர்க்யுமென்ட் (கமாண்ட் லைனில் வரும் மதிப்பு, இங்கே கோப்பின் பாதை) தமிழாகவே வரும், 'எஃப்ஓப்பன்' அதைத் திறக்கும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து, அதாவது 2019 முதல், வேலை செய்கிறது. புதிதாக எழுதும் சின்னக் கருவிக்கு இதைவிட மலிவான வழி இல்லை, கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுக்கலாம்.

பழைய பெரிய மென்பொருள் என்றால் மூன்று இடத்தில் இடிக்கும். 1903-க்கு முந்தைய விண்டோஸ் அந்த வரியைக் கண்டுகொள்ளாது, விண்டோஸ் 7 வைத்திருப்பவருக்கு மறுபடி அதே ஆறு கேள்விக்குறி. திரையில் வரையும் விண்டோஸ் பகுதியான ஜிடிஐ இந்தப் புராசஸ் அளவிலான மாற்றத்தை ஏற்பதில்லை என்பது இரண்டாவது. கோப்பு திறந்துவிடும், ஆனால் அதன் பெயரை ஜிடிஐயின் ஏஎன்எஸ்ஐ ஃபங்ஷனால் திரையில் வரைந்தால் கோளாறாகத் தெரியும். மூன்றாவதுதான் ஆபத்தானது. பழைய கோடில் பாதைக்கென்று 260 பைட் பஃபர், அதாவது அளவு மாறாத மெமரி இடம் அங்கங்கே இருக்கும். யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், ஆக 86 குறிகளில் பஃபர் நிரம்பிவிடும். விண்டோஸ் ஒரு கோப்புப் பெயருக்கே 255 வரை இடம் தருகிறது. அளவு பார்க்காமல் நகலெடுக்கும் கோடு அங்கே இருந்தால், மேனிஃபெஸ்ட் ஒரு கிராஷை எடுத்துவிட்டு மெமரியைச் சிதைக்கும் இன்னொரு கிராஷை உள்ளே விட்டிருக்கும். நேற்றுவரை ஒரு குறிக்கு ஒரு கேள்விக்குறி என்று ஒரே பைட்டாகச் சுருங்கி வந்ததால் அது வெளியே தெரியவில்லை.

மற்றது வைட் வழி. வைட் என்றால் விண்டோஸ் உள்ளுக்குள் வைத்திருக்கும் அதே 16 பிட் யூனிகோட். கமாண்ட் லைனை யூனிகோடாகவே வாங்கி, உள்ளே யூடிஎஃப்-8 ஆக்கி வைத்துக்கொண்டு, கோப்பைத் திறக்கும் இடத்தில் மறுபடி வைட் ஆக்கிக் கொடுப்பது. விண்டோஸ் 7-இலும் ஓடும், கோட் பேஜ் எதுவானாலும் கவலை இல்லை. செலவு அதிகம், கோப்பைத் தொடும் எல்லா இடத்தையும் தேட வேண்டும். 260 பைட் பஃபர் சிக்கல் இதிலும் உண்டு, ஆனால் ஒவ்வொரு இடமாகக் கை வைப்பதால் கண்ணில் படும். வைட்டிலிருந்து மாற்ற 'டபிள்யூசிஎஸ்டுஎம்பிஎஸ்' (wcstombs) என்ற சி ஃபங்ஷன் பக்கம் மட்டும் போகாதீர்கள். வழக்கமான சி லோகேலில் (மொழி அமைப்பில்) அது தமிழைக் கண்டதும் -1 திருப்பித் தரும். அதோடு 1 கூட்டி மெமரி கேட்டால், கிடைப்பது பூஜ்ய பைட். மாற்றுவதற்கு விண்டோஸின் சொந்த ஃபங்ஷனே இருக்கிறது, யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு அதையே கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே ஊரெல்லாம் போய்ச் சேர்ந்த மென்பொருள் என்றால் நான் வைட் வழியைத்தான் எடுப்பேன். கியூட்டி (Qt) என்ற சி பிளஸ் பிளஸ் நூலகத்தை வைத்து எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. 'மெயின்' கொடுக்கும் பட்டியலை விட்டுவிட்டு, அப்ளிகேஷன் ஆப்ஜெக்ட்டிடமே ஆர்க்யுமென்ட்களைக் கேட்டால் அது யூனிகோட் வரியிலிருந்து எடுத்துத் தரும்.

மேனிஃபெஸ்டோ வைட்டோ, இரண்டுமே தீர்க்காத ஒன்று இருக்கிறது. யூனிக்ஸ் போல் விண்டோஸ் ஆர்க்யுமென்ட்களைத் தனித்தனியாகக் கொடுப்பதில்லை. ஒரே வரியாகக் கொடுக்கும், பிரிப்பது புரோகிராமின் பாடு. மேற்கோள் குறிக்கு முன்னால் ஒற்றைப் பின்சாய்கோடு வந்தால் அந்தக் குறி வெறும் எழுத்தாகிவிடும் என்பது விதி. 'பாடல்கள்' என்ற ஃபோல்டரின் பாதை பின்சாய்கோட்டோடு முடிந்து, அதை மேற்கோளுக்குள் கொடுத்து, பக்கத்தில் இன்னொரு கோப்பையும் மேற்கோளுக்குள் கொடுத்தால், இரண்டும் ஒட்டி ஒரே ஆர்க்யுமென்ட் ஆகிவிடும். இரண்டாவதை எண்ணிப் பார்க்காமல் எடுக்கும் கோடு நல்லில் போய் முட்டும். ரைட் கிளிக் மெனுவில் சேர்த்த மென்பொருளை ஒரு டிரைவின் மேல் கூப்பிட்டாலே இது வந்துவிடும், ஏனென்றால் டிரைவின் பாதை முடிவதே பின்சாய்கோட்டில்தான். ஆகவே எந்த வழியில் போனாலும் ஆர்க்யுமென்ட் எண்ணிக்கையைப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

திருத்தியதைச் சோதிக்க 'கணக்கு' மட்டும் போதாது. நூறு குறிகளுக்கு மேல் நீளும் தமிழ்ப் பெயர் ஒன்று, பின்சாய்கோட்டில் முடியும் ஃபோல்டர் ஒன்று, சீன எழுத்துருக்களில் வரும் அகல மேற்கோள் குறியைப் பெயரில் வைத்த கோப்பு ஒன்று என்று மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது விளையாட்டுக்குச் சொன்னதல்ல. 1252-க்கு மாற்றும்போது விண்டோஸ் அந்த அகலக் குறியைக் கேள்விக்குறி ஆக்காமல், சாதாரண மேற்கோளாக மாற்றிவிடும். அது ஒரு ஆர்க்யுமென்ட்டை உடைத்துப் பலவாக்கும், தாக்குபவர் புது ஆப்ஷன்களைச் செருகலாம். 2024 டிசம்பரில் பிளாக் ஹாட் ஐரோப்பா என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் இதைச் செய்தே காட்டினார்கள்.