எட்டு வருட வேர்ட்பிரஸ்: 27 பிளக்இன்களிலிருந்து 8 வரை

இணையதளம் உருவாக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் தளம் நடத்த ஆரம்பித்து எட்டு வருடம் ஆகிறது. ஒரு கட்டத்தில் 27 பிளக்இன்கள், அதாவது கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள், இருந்தன. படிவத்துக்கு ஒன்று, ஸ்லைடருக்கு ஒன்று, படங்களைச் சுருக்க ஒன்று. வேண்டாததை டெலீட் செய்யாமல், டீஆக்டிவேட் செய்து நிறுத்திவைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

மூன்றாம் வருடம் ஒரு வாசகர் எழுதினார்: மொபைலில் உங்கள் தளத்தைத் திறந்தால் ஏதோ பரிசுப்போட்டிப் பக்கத்துக்குப் போகிறது. நான் திறந்து பார்த்தேன், எல்லாம் ஒழுங்காக இருந்தது. அட்மினாக லாகின் செய்திருப்பவர் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும் ரக ஹேக் அது. லாக்அவுட் செய்துவிட்டு, மொபைலில் தேடல் முடிவு வழியாக உள்ளே போனபோதுதான் எனக்கும் அந்தப் பக்கம் வந்தது. வாசகர்களை அங்கே அனுப்பிக்கொண்டிருந்தது என் தளம் என்பது இப்போதும் உறுத்துகிறது.

காரணம், பல மாதமாக அப்டேட் செய்யாத ஒரு பிளக்இன். அப்டேட் செய்தேன், நின்றுவிட்டது. மூன்றாம் நாள் திரும்ப வந்தது. அப்டேட் ஓட்டையைத்தான் அடைக்கும், ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவனை வெளியேற்றாது. அப்லோட்ஸ் ஃபோல்டரில் படங்களுக்கு நடுவே, சர்வரில் இயங்கக்கூடிய ஒரு பிஎச்பி நிரல் கோப்பு கிடந்தது. பயனர் பட்டியலில் முன்பின் தெரியாத ஓர் அட்மின்.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. தளத்தைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றி, யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவுகளான சர்வர் லாக்குகளை எடுத்துவைத்தேன். அவன் எப்போது நுழைந்தான் என்பதை அவைதான் காட்டின. கடைசி பேக்கப்பிலும் கிருமி இருந்ததால், அந்தத் தேதிக்கு முந்தையதைத் தேடி எடுத்தேன். வேர்ட்பிரஸ் கோப்புகளையும் பிளக்இன்களையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். பழையவற்றின் மேலேயே எழுதினால் அவன் கூடுதலாக வைத்த கோப்புகள் அப்படியே இருக்கும். டேட்டாபேஸ், ஹோஸ்டிங், எஃப்டிபி (கோப்பு ஏற்றும் வழி) கடவுச்சொற்கள் எல்லாம் மாறின. கான்ஃபிக் கோப்பிலுள்ள சால்ட் சாவிகளையும், அதாவது லாகினைப் பாதுகாக்கும் ரகசிய எழுத்துவரிசைகளையும், மாற்றினேன். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அவற்றை மாற்றினால்தான் லாகினில் இருக்கும் எல்லோரும், அவன் உட்பட, வெளியே தள்ளப்படுவார்கள்.

டீஆக்டிவேட் பற்றிய என் நம்பிக்கை 2020 செப்டம்பரில் போனது. 7 லட்சத்துக்கும் அதிகமான தளங்களில் இருந்த ஃபைல் மேனேஜர் பிளக்இனின் 6.0 முதல் 6.8 வரையான பதிப்புகளில் ஓட்டை. லாகின் இல்லாமலே யாரும் கோப்பு ஏற்றலாம். அதிலிருந்த ஒரு கோப்பை வெளியிலிருந்து நேரடியாக அழைக்க முடிந்ததுதான் காரணம். பிளக்இன் ஆக்டிவாக இருக்கிறதா என்பதே அந்தக் கோப்புக்குப் பொருட்டில்லை. அன்றே, பயன்படுத்தாதவை அனைத்தையும் டெலீட் செய்தேன்.

அதற்கு முந்தைய மாதம் வந்த வேர்ட்பிரஸ் 5.5 பதிப்பிலிருந்து, பிளக்இன்களைத் தானாக அப்டேட் ஆகும்படி டேஷ்போர்டிலேயே (நிர்வாகப் பக்கத்திலேயே) வைக்கலாம். வைத்திருக்கிறேன். ஒருமுறை மெனு உடைந்தது, அரை மணியில் சரிசெய்தேன். ஹேக்கைச் சுத்தம் செய்ய ஒரு வாரம் பிடித்தது. ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2017இல் கேப்ட்சா என்ற பிளக்இன் கைமாறிய பிறகு, அதன் அப்டேட் வழியாகவே தளத்துக்குள் ரகசியமாக நுழைய ஒரு பின்வாசல் வந்தது. 3 லட்சம் தளங்களில் இருந்த பிளக்இன் அது.

அதனால் மாதம் ஒருமுறை, 8 பிளக்இன்களின் பக்கத்தையும் திறந்து, கடைசி அப்டேட் தேதியையும் உருவாக்கியவர் பெயரையும் பார்க்கிறேன். வேர்ட்பிரஸ் ஒரு பிளக்இனைப் பட்டியலிலிருந்து நீக்கினாலும் நம் டேஷ்போர்டில் எச்சரிக்கை வருவதில்லை. போன மாதம் ஒன்பதாவதாக இருந்த ஒன்று அப்படித்தான் மூடப்பட்டிருந்தது. அன்றே எடுத்துவிட்டேன்.