ஜிங்க்கா, புரோபயாடிக்கா, தயிர் சாதமா? பேதியில் கிடக்கும் குழந்தைக்கு எது முதலில்

போன மாதம் என் பையனுக்கு ஒரு நாள் முழுக்கத் தண்ணி தண்ணியாகப் போனது. ஒன்றரை வயது. மருந்துக்கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் வரும் புரோபயாடிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் என்று சொல்லப்படும் உயிருள்ள கிருமிகள். டாக்டர் சீட்டில் ஓஆர்எஸ்ஸும் (தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) ஜிங்க்கும் (துத்தநாகச் சத்து மாத்திரை) மட்டும்தான். வீட்டுக்கு வந்தால் அம்மா, "வயித்தைக் கொஞ்சம் காயப் போடுடி, கஞ்சித்தண்ணி போதும்" என்றார். அன்றிலிருந்து இதைத் தேடித் தேடிப் படித்தேன்.

ஓஆர்எஸ்ஸை இந்தப் போட்டியில் சேர்க்கவே இல்லை, அது கட்டாயம். உயிரைக் காப்பது அதுதான். ஆனால் பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள்: உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் சொல்லும் கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களில் சர்க்கரை இதைவிடப் பல மடங்கு, அது போக்கைக் கூட்டத்தான் செய்யும். அந்தக் கலவை இல்லாத பானங்கள் எதிலும் ஓஆர்எஸ் என்ற பெயரே இருக்கக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவு போட்டது.

சரி, ஜிங்க். குடலின் உள்தோலில் இருக்கும் செல்கள் சில நாளுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைப்பவை, அந்த வேலைக்கும் நோயோடு சண்டை போடும் வெள்ளணுக்களுக்கும் ஜிங்க் வேண்டும், பேதியிலோ அது மலத்தோடு வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு இது பேதியைச் சராசரியாக அரை நாள் குறைக்கும், சத்துக்குறைவான குழந்தைக்கு ஒரு நாளுக்கும் மேல். அரை நாள்தானா என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் கொடுக்கச் சொல்லும் 14 நாளும் முழுதாகக் கொடுத்தால் அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கு மறுபடி பேதி வரும் வாய்ப்பும் குறைகிறது, அதற்காகத்தான் அத்தனை நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருவார்கள். குறை என்றால் அந்த உலோகச் சுவை. மாத்திரையை ஸ்பூனில் கொஞ்சம் ஆறின தண்ணீர் விட்டுக் கரைத்தேன், பையன் நாக்கால் பாதியைத் தள்ளிவிட்டான், ஒரு தடவை வாந்தியும் எடுத்தான். 5, 10 மில்லிகிராமும் வழக்கமான 20 மில்லிகிராமுக்கு ஈடாக வேலை செய்கிறது, வாந்தியும் குறைவு என்று இந்தியாவிலும் தான்சானியாவிலும் நடந்த பெரிய ஆய்வு 2020இல் சொன்னது, அதனால் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

புரோபயாடிக் விஷயத்தில் எனக்கு ஏமாற்றம்தான். 2018இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் தனித்தனியாக இரண்டு ஆய்வு, இரண்டிலும் சேர்த்து 1,800க்கு மேல் குழந்தைகள், கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. அவர்கள் சோதித்த கிருமி வகை வேறு, நம் கடையில் கிடைக்கும் வகை வேறு என்று வாதிடலாம், நியாயம்தான், ஆனாலும் ஜிங்க்கை விட்டுவிட்டு இதை வாங்க அது காரணம் ஆகாது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டதால் வரும் பேதியைத் தடுப்பதில் மட்டும் இதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கும், குறைமாதக் குழந்தைக்கும் டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது, அந்தக் கிருமியே ரத்தத்தில் கலந்துவிட்ட சம்பவங்கள் உண்டு.

அப்புறம் தயிர் சாதம். தயிரில் எந்தக் கிருமி எவ்வளவு என்ற கணக்கெல்லாம் கிடையாது, அதனால் மருந்து என்று சொல்ல மாட்டேன். பாலில் உள்ள லாக்டோஸ் புளிக்கும்போது கொஞ்சம் குறைவதால் நொந்த குடலுக்குப் பாலைவிடத் தயிர் ஒத்துக்கொள்ளும், முக்கியமாக அது சாப்பாடு. வயிற்றைக் காயப் போட்டால் குடல் ஆறுவது தள்ளிப்போகும், எடை இறங்கும், எடை இறங்கிய குழந்தைக்கு அடுத்த தொற்று சீக்கிரம் வரும். கஞ்சித்தண்ணியில் மாவுச்சத்து கொஞ்சம், மற்றபடி தண்ணீர்தான். அம்மாவிடம் இதைச் சொன்னதும், "அப்ப குழைய வடிச்சு ஒரு சொட்டு நெய் விட்டுப் பிசையறேன்" என்று அவரே கிளம்பிவிட்டார். தாய்ப்பாலை எந்தக் காரணத்துக்கும் நிறுத்தாதீர்கள்.

என் வரிசை: ஓஆர்எஸ்ஸோடு ஜிங்க், கூடவே தயிர் சாதம், காசு மிச்சமிருந்து டாக்டரும் சொன்னால் புரோபயாடிக். மூன்றாம் நாளே போக்கு நின்றுவிட்டது, ஆறாம் நாள் ஃபிரிட்ஜ் மேல் பார்த்தால் ஜிங்க் அட்டையில் இன்னும் பத்து மாத்திரை. அட்டையின் பின்பக்கம் பேனாவால் தேதி எழுதி மறுபடி ஆரம்பித்தேன். கண் குழி விழுந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ இந்த அலசலையெல்லாம் விட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.