மாத்திரையா, ஐசிடியா, அப்லேஷனா?

மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் கழித்து எடுத்த எக்கோவில் பெரியப்பாவுக்கு 'இ.எஃப். 28' என்று வந்தது. ஐசிடி, அதாவது ஆபத்தான துடிப்பு வந்தால் தானே கண்டுபிடித்து நிறுத்தும் கருவியை, உடம்புக்குள் வைத்துவிடலாம் என்றார் டாக்டர். "மாத்திரையிலேயே சமாளிக்க முடியாதாங்க?" என்றார் பெரியப்பா. நியாயமான கேள்விதான்.

இ.எஃப். என்பது இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்ற கணக்கு. 55க்கு மேல் இருந்தால் நல்லது. 35க்குக் கீழே போனால், மாரடைப்பில் செத்த தசை பெரிய தழும்பாகியிருக்க வாய்ப்பு அதிகம். தழும்புக்குள் தப்பிப் பிழைத்த இழைகள் வழியாக மின்னோட்டம் மெதுவாக ஊர்ந்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பி, செக்குமாடு போலச் சுற்ற ஆரம்பிக்கும். அதுதான் வி.டி. என்கிற வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா. அது முற்றி இதயம் வெறுமனே நடுங்க ஆரம்பித்தால், கையில் இருப்பது சில நிமிடங்கள்தான்.

மாத்திரைகளின் பழைய கதை அவ்வளவு நல்லதல்ல. மாரடைப்புக்குப் பின் வரும் கூடுதல் துடிப்புகளை அடக்கினால் உயிர் பிழைக்கும் என்று நம்பி நடத்திய 'காஸ்ட்' ஆய்வை 1989இல் பாதியில் திருத்த வேண்டி வந்தது. என்கைனைடு, ஃப்ளெகைனைடு சாப்பிட்டவர்கள், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிகமாக இறந்தார்கள். துடிப்பு அடங்கியது, ஆள் போய்விட்டார்! அமியோடரோன் என்ற இன்னொரு துடிப்பு மருந்து அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் 2005இல் வெளியான 'எஸ்சிடி-ஹெஃப்ட்' ஆய்வில், 2521 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் அதுவும் வெற்று மாத்திரையும் ஒன்றாகவே நின்றன. ஐசிடி மட்டும் இறப்பை 23 சதவீதம் குறைத்தது.

அமியோடரோனின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். அதனால் தைராய்டு கெடலாம். இந்த மருந்தால் ஈரலும் நுரையீரலும்கூடப் பாதிக்கப்படலாம். நிறுத்தினாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உடம்பைவிட்டுப் போகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை தவறக்கூடாது.

ஐசிடி வேறு ஜாதி. மிஷேல் மிரோவ்ஸ்கி என்ற மருத்துவர், தன் மூத்த சக மருத்துவர் இப்படித் திடீரென இறந்ததைப் பார்த்த பிறகு யோசித்த கருவி. 1980இல் பால்டிமோரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இது வி.டி.யைத் தடுக்காது, வந்தால் நிறுத்தும். முதலில் இன்னும் வேகமாகத் துடிக்கவைத்து அந்தச் சுற்றை உடைக்கப் பார்க்கும். அது வலிக்காது. முடியாவிட்டால் ஷாக். வாங்கியவர்கள் குதிரை உதைத்த மாதிரி என்கிறார்கள். சில நேரம் தேவையில்லாமலும் அடிக்கும். கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பியான லீட் பழுதாகலாம், பேட்டரியும் சில வருடங்களில் மாற்ற வேண்டும். ரத்தக்குழாய்க்குள் லீட் போகாமல் தோலுக்கடியில் வைக்கும் வகையும் உண்டு. ஆனால் அதனால் அந்த வலியில்லாத வைத்தியத்தைச் செய்ய முடியாது என்பதால், வி.டி. அடிக்கடி வருபவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

அப்லேஷன் என்பது தொடை ரத்தக்குழாய் வழியாகப் போய், சுற்றுக்கு வழிவிடும் இழைகளைச் சுட்டுவிடுவது. பலர் இதை ஐசிடிக்குப் பதில் என்று நினைக்கிறார்கள். இல்லை. 2016இன் 'வேனிஷ்' ஆய்வில் பங்கேற்ற 259 பேரும் ஐசிடி வைத்திருந்தவர்கள்தான். மருந்தை மீறியும் வி.டி. வந்த அவர்களுக்கு, மருந்தை இன்னும் கூட்டுவதைவிட அப்லேஷன் நன்றாக வேலை செய்தது. இறப்பில் மட்டும் பெரிய வித்தியாசமில்லை. ஆக, உண்மையான போட்டி மாத்திரைக்கும் அப்லேஷனுக்கும்தான். ஐசிடி வாசலில் நிற்கும் காவலாளி. உள்ளே யார் வேலை செய்தாலும் அது அங்கேதான் நிற்கும்.

சரி, யாருக்கு வைப்பது? இங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறோம். திடீரென இறப்பவர்களில் பெரும்பாலோரின் இ.எஃப். 35க்கு மேலேதான். ஐசிடி வைத்தவர்களிலோ பலர் ஒரு ஷாக்கும் வாங்காமலே காலம் தள்ளுகிறார்கள். தழும்பை நேரடியாகக் காட்டும் எம்ஆர்ஐ இன்னும் கூர்மையான கண் என்பது என் கட்சி. ஆனாலும் இன்றைக்கும் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எக்கோ எண்தான். அதுவும் மாரடைப்பு வந்த சூட்டோடு எடுத்த எண் அல்ல. முதல் 40 நாளுக்குள் ஐசிடி வைப்பதால் மொத்த இறப்பு குறையவில்லை என்று 2004இல் 'டினமிட்' காட்டியது. பெரியப்பாவை மூன்று மாதம் காக்கவைத்ததன் காரணமும் இந்த வகைதான்: மருந்திலும் ஸ்டென்ட்டிலும் தசை தேறுகிறதா என்று பார்ப்பார்கள்.

பெரியப்பாவுக்கு ஐசிடி வைத்து ஒரு வருடமாகியும் ஷாக் எதுவும் வரவில்லை. "வீணா வச்சிட்டாங்களோ" என்று புலம்பிக்கொண்டே செக்கப்புக்கு வந்தார். டெக்னீஷியன் கருவியின் பதிவைத் திரையில் ஓடவிட்டு ஓர் இடத்தில் நிறுத்தினார். விடியற்காலை மூன்று மணி, நிமிடத்துக்கு 190 துடிப்பு, எட்டு வேகத் துடிப்புகளைக் கொடுத்துக் கருவி அதை நிறுத்தியிருந்தது.

"அன்னிக்கு நான் தூங்கிட்டிருந்தேனே" என்றார் பெரியப்பா.