நாய்க்குட்டிக்கு கிரேட்டா, பிளேபென்னா?

எங்கள் குட்டியை கிரேட்டில், அதாவது கதவு வைத்த சிறு கூண்டில், பழக்கித்தான் வளர்த்தோம். அடுத்து ஒன்று வந்தாலும் அப்படித்தான் வளர்ப்பேன். குட்டியை வீடு முழுக்க அவிழ்த்துவிடலாம் என்பவர்களும் உண்டு. கரண்ட் வயர், செருப்பு, மாத்திரை அட்டை என எதையும் கடித்துப் பார்க்கும் வயது அது. கண்காணிக்க ஆளில்லாத நேரத்தில் அது சரிவராது. மீதி இருப்பது இரண்டு: கதவு வைத்த கிரேட், சுற்றிலும் தடுப்பு கட்டிய பிளேபென்.

ஓடியாட பிளேபென்னில்தான் இடம் அதிகம், அதை மறுக்க முடியாது. ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம்: குட்டி எங்கே மூத்திரம் போகக் கற்றுக்கொள்கிறது என்பது.

படுக்கிற இடத்தை அசுத்தம் செய்யாமல் இருக்கவே நாய் முடிந்தவரை பார்க்கும். எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க மட்டும் இடமிருந்தால் குட்டி அடக்கிக்கொண்டு முனகும். அந்த முனகல்தான் நமக்குத் தகவல். உடனே வெளியே தூக்கிப் போய், போனதும் அங்கேயே ஒரு தின்பண்டம் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. கிரேட் பெரிதாக இருந்தால் ஒரு மூலை படுக்கை, மறு மூலை கழிப்பறை ஆகிவிடும். அதனால் வளரும் குட்டிக்கு, நடுவே நகர்த்தக்கூடிய தடுப்புள்ள கம்பி கிரேட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

பிளேபென்னில் இந்தக் கட்டாயமே கிடையாது. ஒரு ஓரத்தில் மூத்திரத்தை உறிஞ்சும் பேட் விரிக்கிறோம், குட்டியும் அதில் போகிறது. வீட்டுக்குள் காலுக்கு மெத்தென்று பட்டால் போகலாம் என்று அதற்குப் பழகிவிடுகிறது. அப்புறம் மிதியடிக்கும் பேடுக்கும் அதற்கு வித்தியாசம் தெரிவதில்லை. ஒரு பழக்கத்தை ஏற்படுத்தி, பிறகு அதையே அழிக்கும் இரட்டை வேலை இது.

கிரேட்டுக்கும் நிபந்தனைகள் உண்டு. பகலில் எவ்வளவு நேரம் உள்ளே விடலாம் என்றால், குட்டிக்கு எத்தனை மாதமோ அத்தனை மணி நேரம், அதோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம்தான் உச்சம், விழித்திருந்தால் அதுவும் தாங்காது. இரவில் நாம் எழுந்துதான் ஆக வேண்டும். முதல் நாட்களில் கதவைத் திறந்தே வைத்து உள்ளே சாப்பாடு கொடுங்கள். பிறகு சில நிமிடங்கள் மட்டும் மூடுங்கள். கழுத்துப்பட்டை கம்பியில் மாட்டிக்கொள்ளும், கழற்றிவிடுங்கள். தண்டனையாக ஒருபோதும் உள்ளே தள்ளாதீர்கள். எச்சில் ஒழுகக் கம்பியைக் கடித்துக் கதறினால் அது அடம் இல்லை, பீதி. அங்கே நிறுத்திவிட வேண்டும்.

இப்படிப் பழகிய நாய் மருத்துவமனையில் ஒரு இரவு தங்க நேர்ந்தாலும், ஆபரேஷனுக்குப் பின் ஓய்வெடுக்க வேண்டியிருந்தாலும் அவ்வளவாக மிரளாது.

பிறந்ததிலிருந்து அழுக்குக் கூண்டில் கிடந்த குட்டிகளுக்கு இடத்தைச் சுத்தமாக வைக்கும் உணர்வே மழுங்கியிருக்கும். எங்களுடையது அப்படி வந்ததல்ல. அந்தக் குட்டிகளுக்கும் இதையே செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

நாள் முழுக்க வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் கிரேட் மட்டும் போதும் என்று சொல்ல மாட்டேன். அடக்க முடியாமல் உள்ளேயே போக நேர்ந்தால் இடத்தைச் சுத்தமாக வைக்கும் அந்த உணர்வை நாமே கெடுத்ததாகிவிடும். பிளேபென்னுக்குள் கதவு திறந்த கிரேட்டை வைத்து, பேடை எதிர் மூலையில் போடுங்கள். ஆள் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் பேடை எடுத்துவிட்டு வெளியேதான் கூட்டிப்போக வேண்டும்.