தேங்காயில் நீரோட்டம் பார்க்கும் சேவை: என் அனுபவம்

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் போர் போட, நீரோட்டம் பார்ப்பவர் ஒருவரைக் கூப்பிட்டோம் (பேர் வேண்டாம்). உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடந்தார், கிணற்றுமேட்டோரம் அது குடுமியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது, அப்பா கும்பிட்டேவிட்டார். "அண்ணா, கண்ணைக் கட்டிக்கிட்டு இன்னொருக்கா அதே எடத்தைக் காட்டுங்க" என்றேன். கட்டிக்கொண்டார். தேங்காய் இப்போது மாட்டுக்கொட்டகையோரம் எழுந்தது! "கண்ணைக் கட்டினா சாமி எறங்காதுங்க" என்றார்.

1987-88-ல் ஜெர்மனியின் மியூனிக் அருகே, கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை நகர்த்தி நகர்த்தி வைத்து, மாடியிலிருந்து நீரோட்டக்காரர்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பெரும்பாலோர் குத்துமதிப்பாகச் சொல்வதைத் தாண்டவில்லை.

நம் கொங்குப் பூமியில் கீழே பெரும்பாலும் கடினப்பாறை, தண்ணீர் இருப்பது அதன் வெடிப்புகளில்தான். கம்பிகளை நட்டு மின்சாரம் பாய்ச்சி மண்ணின் மின்தடையை அளப்பவர்களும் தப்பலாம், ஆனால் அளவைத் தாளில் எழுதித் தருகிறார்கள், அதை இன்னொருவர் வந்து அளந்து சரிபார்க்கலாம், தேங்காயிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லையே. அப்புறம் இன்னொன்று, தேங்காய்க்காரர் தண்ணீர் வந்த தோட்டங்களை மட்டும்தான் எண்ணிச் சொல்கிறார், புகை மட்டும் வந்த குழிகளைக் கேட்டால் பேச்சு மாறுகிறது.

ஐந்துக்கு ஒன்றரை. அதுவும் சொன்ன நேரத்துக்கு வந்ததற்கு.