0.01 கிராம் மின்னணுத் தராசு: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிய வருபவை

பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் இப்போது பரவலாக இருப்பது 600 கிராம் வரை நிறுக்கக்கூடிய, 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு. வேகத்திலும் வசதியிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திரையில் வரும் எண்ணை 'நிறை' என்று குறிப்பேட்டில் எழுத ஒரு நிபந்தனை உண்டு: அளவுத்திருத்தம் (தெரிந்த எடைக்கல்லை வைத்துத் தராசைச் சரிசெய்வது) செய்த இடத்திலேயே தராசு இருக்க வேண்டும்.

உள்ளே இருப்பது லோடு செல்: ஓர் அலுமினியத் துண்டு, அதன்மேல் ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜ்கள். தட்டிலுள்ள பொருளைப் புவி இழுக்கும் விசையில் அலுமினியம் இம்மியளவு வளைய, கேஜ்களின் மின்தடை மாறுகிறது. ஆக, தராசு உணர்வது எடையை. கிராமில் காட்டுவது நிறையை. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கணக்கு, அளவுத்திருத்தத்தின்போது வைத்த எடைக்கல்லிலிருந்து அதற்குக் கிடைக்கிறது. அந்தக் கணக்கில் அந்த ஊரின் புவியீர்ப்பு முடுக்கமும் சேர்ந்தே பதிந்துவிடுகிறது.

சென்னையில் அந்த முடுக்கம் சுமார் 9.783 மீ/வி². ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் அது 0.05 முதல் 0.08 சதவீதம் வரை குறைவு. சென்னையில் திருத்திய தராசை அங்கே கொண்டுபோய் 500 கிராம் கல்லை வைத்தால், குறைந்தது கால் கிராமாவது குறைவாகக் காட்டும். காய்கறிக் கடையில் இது யாருக்கும் தெரியாது, 0.01 கிராம் தராசிலோ கடைசி இலக்கத்தில் 25 படிகளுக்கு மேல் பிழை. டெல்லிக்குக் கொண்டுபோனால் நேர்மாறு: 1 கிலோவுக்கு 0.9 கிராம் அளவில் கூடுதலாகக் காட்டும். கல்லின் நிறை எங்கும் மாறவில்லை, அதை இழுக்கும் விசைதான் மாறியது.

இதில் பலரும் ஏமாறும் இடம், திரையைப் பூஜ்யமாக்கும் டேர் பொத்தான். வெறும் தட்டில் 0.00 வந்துவிட்டால் தராசு சரி என்று நினைக்கிறார்கள். டேர் செய்வது தொடக்கப் புள்ளியைச் சரிசெய்ய மட்டுமே. ஊர் மாறும்போது தவறுவது சரிவு, அதாவது ஒரு கிராமுக்கு எவ்வளவு விசை என்ற விகிதம். அதனால் 10 கிராமில் பிழை கண்ணுக்கே படாது; 500 கிராமில் பளிச்சென்று தெரியும்.

திருத்துவதற்கு முதலில் தராசின் மட்டம் காட்டும் குமிழைப் பார்த்துக் கால்களைத் திருகி மட்டம் சேருங்கள். மின்விசிறியை அணைத்து, தராசை அரைமணி நேரம் ஓடவிடுங்கள். டேர் செய்தபின் அளவுத்திருத்தப் பொத்தானைத் திரை எடைக்கல்லின் மதிப்பைக் கேட்கும்வரை அழுத்திப் பிடித்து, கல்லை இடுக்கியால் தட்டின் நடுவில் வையுங்கள். எண் நிலைத்தபின் எடுத்துவிட்டு 100, 200 கிராம் கற்களால் சரிபாருங்கள். நான்கு மூலைகளிலும் ஒரே கல்லை வைத்துப் பார்ப்பதும் அவசியம். மூலைக்கு மூலை எண் மாறினால், ஒருகாலத்தில் அளவுக்கு மீறிய பாரம் ஏறியதில் லோடு செல் நிரந்தரமாகவே வளைந்திருக்கலாம். பொத்தான்களால் அதைச் சரிசெய்ய முடியாது.

எடைக்கல்லில் கஞ்சத்தனம் வேண்டாம். எடைக்கற்களைத் துல்லியத்தின்படி எம்1, எஃப்2 என வகைப்படுத்துவார்கள். எம்1 வகை 500 கிராம் கல்லுக்கு அனுமதிக்கப்பட்ட பிழையே 25 மில்லிகிராம். அதை வைத்து 0.01 கிராம் தராசைத் திருத்தினால் கல்லின் பிழை தராசுக்குப் போய்விடும். எஃப்2 வகையில் அது 8 மில்லிகிராம். இந்தத் தராசுக்கு அது போதும்.

அன்றாடத் தொல்லைகள் வேறு. சூடான பீக்கரைச் சுற்றிக் காற்று மேலெழுவதால் நிறை குறைவாகத் தெரியும். குளிர்ந்த பீக்கரில் ஈரம் படிந்து எண் மெல்ல ஏறிக்கொண்டே போகும். இரவு முழுக்கப் பாரத்தைத் தட்டில் விட்டால் மறுநாள் பூஜ்யம் நகர்ந்திருக்கும். காற்றின் மிதப்பு விசையும் உண்டு: எஃகுக் கல்லால் திருத்திய தராசில் 1 கிலோ தண்ணீர் ஏறத்தாழ 1 கிராம் குறைவாகவே காட்டும்.

சுருள்வில் தராசைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எடையை நியூட்டனில் நேரடியாகக் காட்டும் நேர்மை அதற்கு உண்டு. ஆனால் சில வில் தராசுகளில் 1000 கிராமுக்கு நேரே 10 நியூட்டன் என்று கோடு போட்டிருக்கும். சென்னையில் 1 கிலோவின் எடை 9.78 நியூட்டன்தான். கிராம் பக்கத்தை மறந்துவிட்டு நியூட்டன் பக்கத்தை மட்டும் படியுங்கள். கிடைமட்டமாக இழுத்து அளக்கும்போது கொக்கியின் சொந்த எடை இழுக்காது. பூஜ்யத்தை மறுபடி சரிசெய்யுங்கள்.

பழைய இரட்டைத்தட்டுத் தராசு மெதுவானதுதான். ஆனால் இரு தட்டுகளையும் ஒரே புவியீர்ப்பு இழுப்பதால் அது கழிந்துபோகிறது. சென்னையிலும் ஊட்டியிலும் ஒரே விடை. கைகள் சமமில்லையோ என்ற ஐயம் இருந்தால் பொருளையும் கல்லையும் தட்டு மாற்றி மீண்டும் நிறுத்து, இரு விடைகளின் பெருக்கலுக்கு வர்க்கமூலம் எடுங்கள். மாணவர்களுக்கு நிறையைப் புரியவைக்க நாங்கள் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

புவியீர்ப்பே இல்லாமல் நிறையை அளக்க, ஒரு ஹேக்சா பிளேடும் ஜி-கிளாம்ப்பும் போதும். பிளேடின் அகலப் பக்கம் செங்குத்தாக நிற்கும்படி ஒரு முனையை மேசை ஓரத்தில் இறுக்கி, மறுமுனையில் பொருளைக் கட்டிப் பக்கவாட்டில் அசையவிடுங்கள். 20 அலைவுகளின் நேரத்தைக் குறித்து, தெரிந்த நிறைகளுக்கு அலைவுநேரத்தின் வர்க்கத்தை வரைபடமாக்கினால் நேர்கோடு வரும். அது ஆதிப்புள்ளி வழியாகப் போகாது, பிளேடின் சொந்த நிறையும் சேர்ந்து ஆடுவதால். பொருள் தளர்வாகக் கட்டப்பட்டிருந்தால் புள்ளிகள் சிதறும். ஒட்டுநாடாவைவிட நூலும் மெழுகும் இறுக்கமாகப் பிடிக்கும்.