நெகட்டிவ்ல ரோஸ் கலரு: புது ஃபிக்ஸரா, சல்ஃபைட்டா, வெயிலா?

மலேசியா, சுங்கை சிப்புட் பக்கம் எங்க எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழாவ டி-மேக்ஸ் 400ங்குற கோடாக் கறுப்பு வெள்ளை ஃபிலிம்ல எடுத்து, குசினியிலயே டெவலப் பண்ணி, காய்ஞ்சதும் ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா ஃபிலிம் ஓரமெல்லாம் சிராப் ஊத்துன தண்ணி மாதிரி ரோஸா நிக்குது. இல்ஃபோர்டோட டெல்டா ஃபிலிம்லயும் இது வரும். ஃபிலிம்ல வெளிச்சத்த உணர்றதுக்குன்னு சேக்குற சாயம் முழுசா வெளிய போகல, அதான்.

இதப் போக்க மூனு வழி சொல்வாங்க, மூனும் பண்ணிப் பாத்துட்டேன்.

வெயில்ல வைக்கிறதுதான் சுலபம், செலவே இல்ல, நம்ம ஊர் வெயிலுக்கு ரோஸ் கண்டிப்பா வெளுக்கும். ஆனா எனக்கு இது பிடிக்கல. ஃபிக்ஸர், அதாவது படமா மாறாத வெள்ளி உப்பக் கரைச்சு எடுக்குற மருந்து, பத்தலன்னு காட்டுற அடையாளமே சில நேரம் அந்த ரோஸ்தான், அத மட்டும் வெளுக்க வச்சிட்டா உள்ள மிச்சம் இருக்குற வெள்ளி உப்பு அப்படியேதான் கெடக்கும், நாளாக நாளாக படம் கறுத்துப் போயிடும்.

சோடியம் சல்ஃபைட் தூளக் கரைச்ச தண்ணி பரவால்ல. 1 லிட்டர் தண்ணிக்கு 20 கிராம், 2 நிமிஷம் ஆட்டிட்டு மறுபடி தண்ணில அலசணும், சாயம் நல்லாவே எறங்கும். ஃபிக்ஸ் சரியா ஆன ஃபிலிமுக்கு மட்டும்தான் இது, இல்லன்னா வெயில் கதைதான்.

அதனால நான் மொதல்ல போறது புது ஃபிக்ஸருக்குத்தான், காய்ஞ்ச ஃபிலிமா இருந்தாலும் தண்ணில ஊறவச்சி திரும்ப போடலாம், லைட் போட்டுக்கிட்டே செய்யலாம். ரேப்பிட் ஃபிக்ஸர் 1+4ல (1 பங்கு மருந்துக்கு 4 பங்கு தண்ணி) 5 நிமிஷம், விடாம ஆட்டணும். இந்த மாதிரி ஃபிலிம் ஃபிக்ஸர சீக்கிரம் தின்னுடும், போன மாசம் கலக்குனதுதானேன்னு நம்பக்கூடாது. இன்னும் டெவலப் பண்ணாத ஃபிலிம் முனையில ஒரு துண்டு வெட்டி ஃபிக்ஸர்ல போட்டு எத்தன செகண்ட்ல தெளியுதுன்னு பாருங்க, புதுசா கலக்குனப்ப ஆன நேரத்தவிட ரெண்டு மடங்கு ஆச்சுன்னா அந்த ஃபிக்ஸர் முடிஞ்சது. பால் மாதிரி மங்கலா திட்டுத்திட்டா இருந்தா அது சாயமே இல்ல, ஃபிக்ஸர் பத்தாததுதான், அதுக்கு வேற வழி யோசிக்கவே வேணாம்.

இங்க பைப் தண்ணி 28 டிகிரிக்கு வருதுல்ல, டெவலப்பர் மருந்த குளிர வைக்க ஐஸ் தேடி அலையணும், ஆனா கடைசி அலசலுக்கு அந்தச் சூடு நல்லது, சாயம் இன்னும் வேகமா எறங்கும். திருவிழா ரோல புது ஃபிக்ஸர்ல 5 நிமிஷம் போட்டு 20 நிமிஷம் அலசுனேன், காவடி தூக்குனவர் முதுகுல வழிஞ்ச வேர்வ வரைக்கும் தெளிவா தெரியுது, ஓரத்துல சாம்பல் கலர் மட்டும்தான் மிச்சம், அது 35 எம்எம் ஃபிலிமோட சொந்தக் கலரு, அதப் போக்கவும் வேணாம்.